நாலு முறை இறங்கிய செல்ஃப் மோட்டார்

வண்டி 1965 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற திறந்த கார். 1798 சி.சி. பெட்ரோல், வலப்பக்க ஸ்டீயரிங். புகார் ஒரே வரி: சூடானால் செல்ஃப் எடுக்காது. மதுரை பழங்காநத்தத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வருமுன் மூன்று இடங்களில் பார்த்திருந்தார்கள். மூன்று இடத்திலும் செல்ஃப் மோட்டாரை, அதாவது இன்ஜினை முதலில் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டாரை, இறக்கியிருந்தார்கள். நாலாவதாக இறக்கியவன் நான். கோளாறு மோட்டாரில் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தொழில் தெரிந்த நாலு பேர் ஏன் அந்த மோட்டாரையே சுற்றிச் சுற்றி வந்தோம் என்பதை எழுதிவைக்கத்தான் இது.

வண்டிக்காரர் கே.கே. நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். மாமனார் வழியில் வந்த வண்டி. கொடைக்கானலில் ஒரு ஷெட்டில் பல வருஷம் கிடந்ததை மலையிலிருந்து இறக்கி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். "வெளியில மட்டும் இல்ல தம்பி, அடிப்பாகம் முழுக்க ரெண்டு கோட் கறுப்பு அடிச்சிருக்கோம். துரு கிட்டக்கூட வராது" என்று பெருமையாகச் சொன்னார். குனிந்து பார்த்தேன். உண்மைதான், சட்டி அடியில் கரி படிந்த மாதிரி ஒரே சீராகக் கறுப்பு.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள் மனைவியோடு அழகர்கோவில் போயிருக்கிறார். காலையில் வீட்டில் சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் குமிழ்) இழுத்துச் சாவியைத் திருப்பியதும் செல்ஃப் எடுத்திருக்கிறது. கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் ஓடி, கோயில் வாசலில் நிறுத்தி, கள்ளழகரையும் பதினெட்டாம்படிக் கருப்பையும் கும்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திருப்பத் திருப்ப 'டிக்', 'டிக்'. ஹாரன் மட்டும் ஊரைக் கூட்டுகிற மாதிரி அடிக்கிறது. வேனில் வந்த பையன்கள் நாலு பேர் தள்ளிவிட்டு ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. இதே கதை ஒத்தக்கடையில் ஒரு தடவை, திருமங்கலம் பெட்ரோல் பங்க்கில் ஒரு தடவை. வேறு சில நேரம் 'டிக்' இல்லாமல் 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றும், இன்ஜின் அசையாது.

எம்.ஜி.பி. என்றதும் நம்மூர் மெக்கானிக் மிரள வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி. பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது அம்பாசிடரின் ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டுமே பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின். அம்பாசிடரில் 1489 சி.சி., இதில் அதையே பெருக்கி 1798 சி.சி. ஆக்கி, இரண்டு எஸ்.யூ. கார்ப்பரேட்டர் வைத்திருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர், டேப்பட் கவர், பெண்டிக்ஸ் (மோட்டாரின் பல் சக்கரத்தை இன்ஜினோடு கோக்கும் அமைப்பு) வைத்த லூகாஸ் செல்ஃப் எல்லாம் பழகின முகம். நான் தொழில் பழகியது அம்பாசிடர் டாக்சிகளில். கண்ணை மூடிக்கொண்டு கைவைப்பேன். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டதுதான் பிசகாகிப்போனது.

அம்பாசிடரில் பேட்டரி இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால், கார்ப்பெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்தால், கார்டன் ஷாஃப்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு 6 வோல்ட் பேட்டரி. இரண்டையும் ஒரு கேபிளால் சேர்த்து 12 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அங்கிருந்து செல்ஃப் வரைக்கும் வண்டியின் அடியோடு ஒரு நீளமான கேபிள். போதாததற்கு 1967 வரை வந்த எம்.ஜி.பி. எல்லாம் பாசிட்டிவ் எர்த். தனிக் கம்பிக்குப் பதில் பாடி இரும்பையே கரண்டின் ஒரு பாதையாக வைப்பதுதான் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் பாடிக்குப் போகும், நெகட்டிவ்தான் செல்ஃபுக்கு வரும்.

முன்னால் பார்த்தவர்கள்

முதல் பட்டறையில் ஹாரன் நன்றாக அடிப்பதைக் கேட்டுவிட்டு, பேட்டரி சரி, செல்ஃபில் கார்பன் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும் என்று இறக்கி, நாலு கார்பனும் புதிதாகப் போட்டார்கள். பத்து நாள் எடுத்தது. பிறகு பழையபடி.

இரண்டாவது இடத்தில் ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) காயில் கட்டக் கொடுத்து, அதில் கார்பன் உரசும் கம்யூட்டேட்டரை லேத்தில் தேய்த்து, புஷ் மாற்றி, 'விர்ர்ர்' சத்தத்துக்காகப் பெண்டிக்ஸ் ஸ்பிரிங்கும் மாற்றி, கிரீஸை அள்ளி அப்பி மாட்டினார்கள். மூன்று வாரம் எடுத்தது.

மூன்றாவது ஆள் மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் யோசித்தவர். செல்ஃப் எடுக்காத நேரத்திலேயே டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தார். கிளிப்பைப் பாடியில் மாட்டி, முனையைச் செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். லைட் பளிச்சென்று எரிந்திருக்கிறது. "கரண்ட் வாசல் வரைக்கும் வருது சார், உள்ள இருக்குறவன்தான் கதவைத் திறக்க மாட்டேங்குறான்" என்றாராம். அந்தச் சொல் பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போய் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று சொலினாய்டும் (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) புதிது, பேட்டரி இரண்டும் புதிது. பெரிய 6 வோல்ட் பேட்டரிக்கு ஊரெல்லாம் அலைந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு மாதம்தான்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் எடுத்ததே, அது ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது. இந்த இன்ஜினில் செல்ஃபை இறக்க ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மேல் போல்ட்டுக்கு நீளமான எக்ஸ்டென்ஷன் விட்டு, நெம்பி, இன்ஜினையே கொஞ்சம் ஆட்டி அசைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் கோளாறு இருந்த இடமும் அசைந்து, தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வேலை பலித்த மாதிரி தெரியும். பில்லும் போட்டாயிற்று.

என் பங்குக்கு

டிக் சத்தம், விர்ர் சத்தம் இரண்டையும் கேட்டதுமே எனக்கும் கை அரித்தது. காயில் கட்டினவன் ஃபீல்டு காயிலை (மோட்டார் கூட்டுக்குள் சுற்றாமல் நிற்கும் காயில்) பார்த்திருக்க மாட்டான், சூட்டில் எங்கோ பாடியோடு ஒட்டுகிறது என்று முடிவு கட்டி இறக்கினேன். லூகாஸ் மோட்டார் மதுரைக்காரனுக்கு அந்நியமில்லை. டி.வி.எஸ். இந்த ஊரில் பிறந்த நிறுவனம். 1960களின் தொடக்கத்தில் அவர்களும் இங்கிலாந்து லூகாஸும் சேர்ந்து சென்னையில் பாடி என்ற இடத்தில் ஆலை போட்டதிலிருந்து இந்த மோட்டார் குடும்பத்தைப் பிரித்துப் போட்டுத்தான் எங்கள் தலைமுறை சோறு தின்றது.

பெஞ்சில் வைத்துப் பேட்டரி கொடுத்தேன். துள்ளிக்கொண்டு ஓடியது. குரோலர் என்ற சோதனைக் கருவியில் ஆர்மேச்சரை வைத்துப் பார்த்தேன், ஷார்ட் இல்லை. ஃபீல்டு காயிலை ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடாக்கியும் பார்த்தேன், பாடியோடு ஒட்டவில்லை. இரண்டாவது பட்டறைக்காரர் காயில் கட்டக் கொடுத்த ஆள் நல்ல வேலைக்காரர் என்பதுதான் தெரிந்தது. பெஞ்சில் சும்மா ஓடுகிற செல்ஃப் எதையும் நிரூபிக்காது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். பாரமில்லாமல் சுற்றும்போது அது இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். இன்ஜினைச் சுழற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் போகும். தெரிந்திருந்தும் ஒரு நாள் வேலையை வீணாக்கினேன். திரும்ப மாட்டினேன்.

மறுநாள் பேராசிரியர் வந்திருந்தபோது டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க தம்பி. சூட்டுல எடுக்கலைன்னா சோக்கை இழுத்துட்டுத் திருப்புவேன். சில சமயம் எடுத்துரும்."

சூடான இன்ஜினுக்குச் சோக் தேவையில்லை. இழுத்தால் பெட்ரோல் ஏறி இன்னும் அடைக்கும். அதுவும் சோக்குக்கும் செல்ஃப் சுற்றுவதற்கும் சம்பந்தமே இல்லை. சோக் பெட்ரோல் சமாச்சாரம், செல்ஃப் கரண்ட் சமாச்சாரம். சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அவர் அடுத்து சொன்னதுதான் காதில் ஏறியது: "அந்தச் சோக் கேபிள் வேற ரெண்டு தடவை மாத்தியாச்சு. உள்ள கம்பி உருகுன மாதிரி ஒட்டிக்குது."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் வண்டியில் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கரண்ட் கடத்தாது. செல்ஃப் மோட்டாரின் எர்த் அதன் உடம்பு வழியாக இன்ஜின் பிளாக்குக்குப் போகும். பிளாக்கிலிருந்து பாடிக்குப் போக ஒரு தடித்த எர்த் பட்டை இருக்க வேண்டும். அது பிடிக்கவில்லை என்றால் நூறு ஆம்பியருக்கு மேல் வருகிற கரண்ட் சும்மா நின்றுவிடாது. வைகையில் தண்ணீர் வரும்போது மதகு அடைத்திருந்தால் கரையில் எலி வளையைத் தேடும் இல்லையா, அந்த மாதிரி இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எந்த உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியில் அப்படி என்னென்ன இருக்கின்றன? சோக் கேபிள். ஆக்சிலேட்டர் கேபிள். கியர் பாக்ஸிலிருந்து ஸ்பீடோமீட்டருக்குப் போகும் கேபிள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து டெம்பரேச்சர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய். இதில் எதுவும் அந்தக் கரண்டைத் தாங்கப் பிறந்ததில்லை.

சோக்கை இழுத்தால் கேபிளின் உள்கம்பி விறைத்து, உறையோடு இறுகி ஒட்டும். அப்போது பாதை கொஞ்சம் நன்றாகும், மோட்டார் சுற்றும். உள்ளே தள்ளியிருந்தால் தொளதொளவென்று இருக்கும், பாதை கெடும். காலையில் எடுப்பதும் கோயில் வாசலில் படுத்துக்கொள்வதும் இதில் பாதி. மற்றப் பாதி சூடு. செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். இன்ஜின் பக்கத்தில் 60 டிகிரி கூடினால் மோட்டாரின் சுற்றுகளிலேயே கால் பங்குக்கு நெருக்கமாகத் தடை கூடிவிடும். ஏற்கனவே மூச்சு வாங்குகிறவன் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றிய மாதிரி.

இன்ஜினில் லைட் எரிந்தது

திருமங்கலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி, சூடு ஆறுமுன் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். 'டிக்'. நல்லவேளை, கோளாறு தன்னைக் காட்டிக்கொடுத்தது. தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை திருப்பினேன். டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அதிகமாக முன்னால் இருந்தால் சூட்டில் பிஸ்டன் எதிர்த்து அடித்துச் செல்ஃபை நிறுத்திவிடும். இந்த இன்ஜினுக்கு 10 டிகிரி. தீப்பொறியே இல்லாதபோதும் 'டிக்'தான் என்றால் டைமிங் மேல் பழி இல்லை.

டெஸ்ட் லைட்டின் கிளிப்பைப் பாடியில் மாட்டினேன். முனையைச் செல்ஃப் போல்ட்டில் வைக்கவில்லை. இன்ஜின் பிளாக்கில், கொஞ்சம் சுரண்டி வெறும் இரும்பில் வைத்தேன். "தம்பி, திருப்பு" என்றேன் பட்டறைப் பையனிடம்.

லைட் எரிந்தது.

எர்த்தாக இருக்க வேண்டிய இன்ஜினே லைவ் ஆகி நின்றது. மீட்டர் வைத்தால் 9.8 வோல்ட். பேட்டரியின் வோல்டேஜில் பெரும்பங்கு இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் நிற்கிறது, மோட்டாருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. மூன்றாவது பட்டறைக்காரரின் டெஸ்ட் லைட் பொய் சொல்லவில்லை. பாடிக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவில் வோல்டேஜ் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் மோட்டாருக்குப் பாடி யார்? அதற்குத் தெரிந்தது பிளாக் மட்டும்தான். கிளிப்பை ஒரு முழம் தள்ளிப் பிளாக்கில் மாட்டியிருந்தால் அந்த லைட் மங்கிப் போயிருக்கும், அவர் அன்றைக்கே பிடித்திருப்பார். ஹாரன் அடித்ததற்கும் சொலினாய்டு 'டிக்' என்றதற்கும் இதே காரணம். இரண்டுக்கும் எர்த் பாடியில்.

உறுதி செய்ய ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பிளாக்கிலும் மறுமுனையைப் பாடியில் வெறும் இரும்பாக இருந்த ஒரு போல்ட்டிலும் கடித்துவிட்டுத் திருப்பச் சொன்னேன். இன்ஜின் சுற்றியது. பேராசிரியர் ஒன்றும் பேசவில்லை. சோக் குமிழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இங்கே நிறுத்தியிருந்தால் பாதி வேலை. ஜம்பர் போட்டும் சுற்றிய வேகம் எனக்குத் திருப்தியாக இல்லை. அதனால் ஜம்பரை எடுத்துவிட்டு, இன்ஜின் முழுக்க ஆறட்டும் என்று விட்டு, மறுநாள் காலை சோக்கை இழுத்து, தீப்பொறி இல்லாமல் சுற்றவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளந்தேன். கிளாம்ப் மீட்டர் காட்டியது 130 ஆம்பியர். வோல்ட் கணக்கு இப்படி வந்தது:

முதல் பேட்டரி 5.2, இரண்டாவது 5.1. கூட்டினால் 10.3.
இரண்டின் வெளி முனைகளுக்கு நடுவில் வைத்தால் 9.4 மட்டுமே. அதாவது இணைப்புக் கேபிளில் 0.9 தொலைகிறது.
பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் போல்ட் வரை 0.5.
பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து பாடி வரை 0.1.
பாடியிலிருந்து இன்ஜின் பிளாக் வரை 1.9.
மோட்டாருக்கு மிஞ்சியது 6.9.

கணக்குச் சரியாக ஒட்டியது. 9.4இல் 0.5, 0.1, 1.9 மூன்றும் போனால் 6.9. இப்படி ஒட்டினால்தான் எதையும் விட்டுவிடவில்லை என்று நம்பலாம். செல்ஃபுக்கு வருகிற பக்கம் மொத்தமாக அரை வோல்ட் வரை போவதைப் பொறுத்துக்கொள்ளலாம், எர்த் பக்கம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே எர்த் பக்கம் இரண்டு வோல்ட்.

மீட்டரை ஓம்ஸில் வைத்து இதைப் பிடிக்க முடியாதா என்று என் பையன் கேட்டான். முடியாது. 1.9 வோல்ட்டை 130 ஆம்பியரால் வகுத்தால் 0.015 ஓம் சொச்சம். மீட்டரின் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் காட்டும். பீப் சத்தத்தை நம்பினால் இன்னும் மோசம். கேபிளில் ஒரே ஒரு இழை மட்டும் உயிரோடு இருந்தாலும் பீப் அடிக்கும். அந்த 0.015 ஓம்தான் 130 ஆம்பியரில் 250 வாட் சூடாகிறது. 25 வாட் சாலிடரிங் அயர்ன் பத்தைக் கட்டி வண்டிக்குள் வைத்த மாதிரி. சோக் கேபிள் ஏன் உருகாது?

கறுப்புப் பெயிண்டுக்குள்

வண்டியைக் குழிமேல் ஏற்றினேன். இந்த வண்டியில் எர்த் பட்டை கியர் பாக்ஸ் பக்கம் இருந்தது. பின்னல் செம்புப் பட்டை, பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஸ்பானர் வைத்துக் கழற்றினால், பட்டையின் வாய்க்குக் கீழே பாடி இரும்பில் அந்த ரெண்டு கோட் கறுப்பு, கண்ணாடி மாதிரி. பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகு அதன்மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். கரண்ட் போனதெல்லாம் போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும். ஸ்டார் வாஷரும் இல்லை. பட்டை கியர் பாக்ஸ் பக்கம் முடிகிற இடத்தில் பின்னல் பச்சை பூத்து, பாதி இழைகள் பொடியாக உதிர்ந்தன.

பேட்டரி இணைப்புக் கேபிள் இன்னொரு ஏமாற்று. லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் கவ்வி) இரண்டும் வெளியே பளபளவென்று இருந்தன. பேட்டரி மாற்றியபோது உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள் போலிருக்கிறது. ரப்பர் உறையை இரண்டு அங்குலம் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சை மாவு. வண்டிக்கு அடியில் திறந்தாற்போல் தொங்குகிற தொட்டிலில் உட்கார்ந்திருக்கும் பேட்டரி, ஆசிட் ஆவி, பல வருஷ மலைப் பனி. வேறெப்படி இருக்கும்?

வேலை சுருக்கமானது. எர்த் பட்டை உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளில் புதிதாக எர்த், லக்கை அழுத்தி, ஈயமும் வைத்து, ஸ்டார் வாஷரோடு முறுக்கி, முறுக்கி முடித்தபிறகு மேலே வாசலின். முதலில் வாசலின் தடவிவிட்டு அப்புறம் முறுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பக்க இன்ஜின் மவுண்டிலிருந்து பாடிக்கு இரண்டாவதாக ஓர் எர்த் போட்டேன். கம்பெனியில் இல்லாததுதான். பேராசிரியருக்கு அசல் மாறக் கூடாது என்று பிடிவாதம் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும், உங்கள் சோக் கேபிள் பிழைக்கும் என்றதும் ஒத்துக்கொண்டார். பேட்டரி இணைப்புக் கேபிளும் புதிது. மூன்றாவது சோக் கேபிளும்.

திரும்ப அளந்தேன். கரண்ட் 155 ஆம்பியருக்கு ஏறியது. பேட்டரிகள் கூட்டாக 10.1. இணைப்பில் 0.1, வருகிற பக்கம் 0.6, பேட்டரி எர்த்தில் 0.1, இன்ஜின் எர்த்தில் 0.1. மோட்டாருக்கு 9.2. 6.9 எங்கே, 9.2 எங்கே! இன்ஜின் சுற்றும் சத்தமே மாறிவிட்டது. மாடு மேடேறுகிற மாதிரி முக்கிக்கொண்டிருந்தது, தையல் மெஷின் மாதிரி ஆயிற்று.

விர்ர்ர்

ஆனாலும் பத்துத் தடவை திருப்பினால் ஒரு தடவை 'விர்ர்ர்' வந்தது. இது வேறு கோளாறு. முதல் கோளாறு அதைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்த வண்டியின் பழைய மாதிரிச் செல்ஃபில் சொலினாய்டு பல்லைத் தள்ளிவிடாது. சொலினாய்டு பாடியில் எங்கோ தனியாக இருக்கும், கரண்டைத் திறந்துவிடுவது மட்டும் அதன் வேலை. பல் சக்கரம் ஷாஃப்டில் திருகுமரை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் திடீரென்று சுழலும்போது பல் சக்கரம் தன் கனத்தால் பின்தங்கும். பின்தங்குவதால் மரையோடு ஓடிப்போய் ஃப்ளைவீல் ரிங்கை (இன்ஜினோடு சுற்றும் சக்கரத்தின் பல் வளையம்) கடிக்கும். இன்ஜின் பிடித்ததும் ரிங் வேகமாகச் சுற்றி அதைத் திரும்ப உதைத்து அனுப்பிவிடும். எல்லாமே அந்தத் 'திடீர்' என்பதில்தான் இருக்கிறது. 6.9 வோல்ட்டில் மோட்டார் திடீரென்று எங்கே சுழலும்? மெதுவாக எழுந்தால் பல் சக்கரமும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும், ஓடிக் கடிக்காது.

இப்போது 9.2 வோல்ட் வந்தும் பத்தில் ஒன்று தப்புகிறது என்றால் மரையில் ஏதோ இழுக்கிறது. இரண்டாவது பட்டறையில் அப்பிய கிரீஸ்! ஐந்தாவது முறையாகச் செல்ஃபை இறக்கினேன். (தலைப்பில் நாலு என்றுதான் போட்டிருக்கிறேன். இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இது தெரிந்தே இறக்கியது.) கிரீஸும் கிளட்ச் தூசியும் கலந்து மரை முழுக்கக் கறுப்புப் பசை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, காற்றடித்து, உலர்வாகவே மாட்டினேன். பெண்டிக்ஸுக்குக் கிரீஸ் எதிரி. பார்க்கிறவர்களுக்கு வறண்டு கிடக்கிறதே என்று மனசு கேட்காது, கை கிரீஸ் டப்பாவுக்குப் போகும். போகக் கூடாது.

அதற்கப்புறம் நாற்பது தடவை திருப்பியிருப்பேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. நாலு நாள் வண்டியை என்னிடமே வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் மேலூர் ஒரு நாள், சோழவந்தான் ஒரு நாள் என்று ஓட்டி, சூட்டோடு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சோழவந்தானில் டீக்கடை வாசலில் நிறுத்தியபோது வேண்டுமென்றே சோக்கை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத் திருப்பினேன். முதல் திருப்பில் எடுத்தது.

பேராசிரியர் வண்டியை எடுக்க வந்த அன்று, இதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிடலாமா, அதனால்தானே இவ்வளவு தொல்லை என்றார். அதனால் இல்லை. நெகட்டிவ் எர்த்தாக இருந்திருந்தாலும் அந்தப் பெயிண்ட் அதே வேலையைச் செய்திருக்கும். மாற்ற வேண்டுமென்றால் மாற்றலாம். செல்ஃபுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஃபீல்டு, ஆர்மேச்சர் இரண்டும் தொடராக இருப்பதால் இரண்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் திசை மாறும், மோட்டார் பழைய பக்கமே சுற்றும். ஆனால் டைனமோவுக்கு ஃபீல்டில் மறுபடி காந்தம் ஏற்ற வேண்டும். ஆர்.பி.எம். மீட்டரைத் திறந்து உள்ளே மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். இத்தனையும் எதற்கு? ஒரு போன் சார்ஜரை மட்டும் மாட்டாதீர்கள், அதன் வெளிக்கூடு நெகட்டிவ் என்று நினைத்துக்கொண்டு செய்தது என்று சொல்லி அனுப்பினேன். ஏற்கனவே ஒன்றைப் பொசுக்கியிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. செல்ஃபை இறக்கியிருந்த துளை வழியாக டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் சுற்றி ரிங்கைப் பார்த்தேன். எதிரெதிரே இரண்டு இடத்தில் பற்களின் முனை மழுங்கியிருக்கின்றன. நாலு சிலிண்டர் இன்ஜின் நிறுத்தும்போது பெரும்பாலும் அந்த இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும், பல்லும் எப்போதும் அங்கேதான் கடிக்கும். இதுவரை பல் சிக்கவில்லை. சிக்கினால் சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் விடவில்லை என்றால் மோட்டார் ஷாஃப்டின் பின்முனை சதுரமாக இருக்கும், ஸ்பானர் வைத்துத் திருகலாம். ரிங் மாற்ற இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே வெளியே தூக்க வேண்டும். கிளட்ச் தேய்ந்து எப்படியும் ஒரு நாள் இறக்கத்தான் போகிறார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.